ஸ்போரிலிருந்து மரப்பெரணி: கூடலூர் வீட்டில் செய்து பார்த்தது

மரப்பெரணியைப் பதியம் போட முடியாது. வெட்டி நடலாம் என்றால் கிளையே கிடையாது. தண்டின் உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்துதான் அதன் மொத்த உயிரும். அதை வெட்டினால் மரம் போச்சு. விதையும் இல்லை. மிச்சம் இருப்பது இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும் ஸ்போர், அதாவது விதைக்குப் பதிலாகப் பெரணி உதிர்க்கும் நுண்ணிய தூள், மட்டும்தான்.

நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் ஓடைக்கரைகளில் இந்த மரம் சாதாரணமாகக் கண்ணில் படும். வீட்டில் வைத்திருப்பவர்களைக் கேட்டால், காட்டிலிருந்து தோண்டிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். அப்படி வந்தவற்றில் நிறைய அடுத்த கோடையைத் தாண்டுவதில்லை. காப்புக்காட்டில் இருந்து செடியை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். இந்த மரம் சேர்ந்த சையாத்தியா பேரினம் முழுவதும், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். இதெல்லாம் போக, தோண்டும்போது வேர் அறுந்த மரப்பெரணி பிழைப்பது அபூர்வம். ஸ்போர் எடுக்க ஒரு இலைத்துண்டு போதும், தாய்மரத்துக்கு ஒன்றும் ஆகாது. தெரிந்தவர் ஒருவரின் ஏலக்காய்த் தோட்டத்தில், ஓடையை ஒட்டி ஆளுயரத்துக்கு மேல் ஒரு மரம் நிற்கிறது. கேட்டேன், "மரத்தையே எடுத்துட்டுப் போங்க" என்றார். ஒரு சிற்றிலை மட்டும் போதும் என்று சொன்னபோது கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

அது சையாத்தியா ஜைஜான்டியா. அடையாளம் சுலபம்: இலைக்காம்பு கன்னங்கரேலென்று இருக்கும். இலைக்குக் கீழே இருக்கும் ஸ்போர்ப் புள்ளிகளின் மேல் மூடி எதுவும் இருக்காது. நீலகிரியின் பெயரையே வைத்த சையாத்தியா நீல்கிரென்சிஸும் இந்த மலைகளில் உண்டு. அதன் மரம் எதுவும் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. நர்சரியில் மரப்பெரணி என்று கேட்டால் ஆஸ்திரேலியாவின் சையாத்தியா கூப்பெரியும் வரலாம். வேகமாக வளரும், பார்க்கவும் அழகு. ஆனால் ஹவாயிலும் ரீயூனியன் தீவிலும் அது தோட்டத்திலிருந்து காட்டுக்குள் பரவி, அங்குள்ள சொந்தப் பெரணிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்போர் காற்றில் பறக்கிற சமாச்சாரம், வேலி போட்டு நிறுத்த முடியாது. சீகையும் உண்ணிச்செடியும் செய்தது நீலகிரிக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்போர் எடுப்பது

புள்ளிகள் பச்சையாக இருந்தால் பிஞ்சு. கருத்து, ஓரம் பிய்ந்து பஞ்சு பஞ்சாக இருந்தால் ஏற்கெனவே கொட்டிவிட்டது என்று அர்த்தம். நடுவில், நல்ல பழுப்பு நிறத்தில் திரண்டு நிற்கும் பருவத்தைப் பிடிக்க வேண்டும். ஒரே மட்டையில் நுனியும் அடியும் ஒன்றாக முற்றாது. ஆகவே ஒரு லென்ஸ் கையில் இருந்தால் நல்லது. நகை மதிப்பிடுபவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் தாராளம்.

சிற்றிலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓடும் தண்ணீரில் லேசாக அலசி, ஈரம் போக உலர்த்தி, புள்ளிகள் கீழே பார்க்கும்படி ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, மேலே இன்னொரு தாள் போட்டு மூடிவிட்டேன். அலசுவது எதற்கென்றால், காட்டோரத்து இலையின் மேல் பாசி, பூஞ்சை, வேறு பெரணிகளின் ஸ்போர் எல்லாம் குடியிருக்கும்.

ஒரு துண்டை மட்டும் தனியாக எடுத்து, மேசை விளக்கின் சூட்டுக்குக் கீழே புள்ளிகள் மேலே தெரியும்படி வைத்து லென்ஸில் பார்த்தேன். இது ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சி. ஒவ்வொரு புள்ளியிலும் குண்டுகுண்டாக நிறைய ஸ்போர்ப்பைகள். ஒவ்வொரு பையையும் சுற்றித் தடித்த சுவர் கொண்ட செல்களால் ஆன ஒரு வளையம். சூட்டில் அந்தச் செல்களுக்குள் இருக்கும் நீர் ஆவியாக ஆக, மெல்லிய வெளிச்சுவர் உள்ளே இழுபடும். வளையம் மெதுவாகப் பின்னோக்கி வளையும், பை கிழியும். ஒரு கட்டத்தில் உள்ளே மிஞ்சிய நீர் அந்த இழுவையைத் தாங்காமல் குமிழாக உடைகிறது. உடனே வளையம் பழைய இடத்துக்குச் சுண்டித் திரும்ப, ஸ்போர் தெறிக்கிறது. தாளிக்கும்போது கடுகு வெடிப்பது மாதிரி, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று ஆரம்பித்து, பிறகு சடசடவென்று எல்லாம் சேர்ந்து வெடிக்கும். சத்தம் மட்டும் இல்லை.

ஓரிரு நாளில் தாளில் பழுப்புத் தூள் சேர்ந்துவிடும். அதெல்லாம் ஸ்போர் இல்லை, கிழிந்த பைகளின் குப்பையும் கலந்திருக்கும். பூஞ்சை முதலில் பிடிப்பது அந்தக் குப்பையைத்தான், அதனால் பிரித்தே ஆக வேண்டும். தாளைச் சாய்த்து அடியில் விரலால் மெல்லத் தட்டினால் குப்பை முன்னால் சரிந்து ஓடும். மிக நுண்ணிய தூள் தாளோடு ஒட்டிப் பின்தங்கும். அந்தப் பின்தங்கியதுதான் வேண்டியது. இரண்டு மூன்று தடவை தாள் மாற்றித் தட்டினால் சுத்தமாகக் கிடைக்கும். மிச்சத்தைத் தாளில் மடித்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். சையாத்தியாவின் ஸ்போர் பச்சையம் இல்லாதது, உலர்வாக வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். பச்சை நிற ஸ்போர் உள்ள பெரணிகள் சில உண்டு, அவை சில நாளிலோ வாரங்களிலோ செத்துவிடும்.

மண்ணும் டப்பாவும்

தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, உப்புப் போக நாலைந்து முறை தண்ணீர் மாற்றி அலசி, மாவுச் சல்லடையில் சலித்து, கால் பங்கு மணல் சேர்த்தேன். சோலைக்காட்டு மக்கு மண் போட்டால் நன்றாக வரும் என்று சிலர் சொல்வார்கள். வரும்தான், கூடவே நூறு வகைப் பாசியும் வரும். இந்தக் கட்டத்தில் சத்து வேண்டியதில்லை. வேண்டியது சுத்தம்.

கலவையை ஈரமாக ஒரு பாத்திரத்தில் போட்டு, பழைய குக்கரில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்தேன். சமைக்கிற குக்கரை எடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டப்பாக்கள் பார்சல் சாப்பாடு வரும் தெளிவான பிளாஸ்டிக் டப்பாக்கள். அவை கொதிநீரைத் தாங்காமல் நெளிந்துவிடும் என்பதால் டெட்டால் கலந்த நீரில் கழுவி, ஆறிய கொதிநீரில் அலசினேன். வெந்த கலவையை மூடிய பாத்திரத்திலேயே ஆறவிட்டு, டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, உடனே மூடினேன்.

இதோடு இன்னொரு முறையையும் சோதித்தேன். சூளைச் செங்கல் துண்டைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து, தட்டில் பாதி நீரில் நிற்கும்படி வைத்து, மேல்முகத்தில் ஸ்போர் தூவி, கண்ணாடி ஜாடியால் கவிழ்த்து மூடுவது. பழைய தோட்டக்காரர்களின் முறை இது. செங்கல் தானே நீரை உறிஞ்சி மேலே கொடுத்துக்கொள்ளும்.

தூவும்போது மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, இரவு சமையலறை அடங்கிய பிறகு செய்தேன். கத்தி நுனியில் வரும் அளவு தூள் ஒரு டப்பாவுக்குப் போதும், அதுவே அதிகம். தாளின் மடிப்பில் தூளை வைத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டினால் பரவலாக விழும். மேலே மண் போட்டு மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒரு டப்பாவில் மட்டும் எதையும் தூவாமல், அதே கலவையை அதே மாதிரி திறந்து மூடி வைத்தேன். அந்த வெறும் டப்பா பிற்பாடு மிகவும் உதவியது.

பச்சை படரும் காலம்

வடக்குப் பார்த்த ஜன்னல், நேர் வெயில் கிடையாது. மழைமூட்டம் கூடலூரில் நாள்கணக்கில் நிற்கும் என்பதால் மேலே ஒரு எல்இடி குழல்விளக்கு, பகல் முழுவதும். டப்பாவைத் திறக்கவே இல்லை. மூடியின் உட்புறத்தில் நீர்த்துளி நிற்கும் வரை உள்ளே ஈரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் மேற்பரப்பில் லேசான பச்சை தெரியும். எல்லாப் பச்சையும் பெரணி இல்லை. பளபளவென்று வழுவழுப்பாக, பூசினாற்போல இருந்தால் பாசி. நுண்ணிய மணிமணியாக, லென்ஸில் சின்னச் சின்ன நாக்குகளாகத் தெரிந்தால் அதுதான் புரோதாலஸ், ஸ்போர் முளைத்து முதலில் வரும் இலை மாதிரியான சின்னப் பருவம். வெறும் டப்பாவிலும் ஒரு மூலையில் பச்சை வந்தது. பார்த்தால் அது மெத்தைப்பாசி (மாஸ்), நூல்நூலாக ஓடியது. அதே மாதிரி நூல்கள் தூவிய டப்பாக்களில் எங்கெல்லாம் தெரிந்ததோ அங்கெல்லாம் இடுக்கியால் எடுத்துப் போட முடிந்தது.

இன்னொரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: வளர்வது மரப்பெரணியா, சுவரோரத்தில் தானாக முளைக்கும் ஏதோ ஒரு பெரணியா? சையாத்தியா குடும்பத்தின் முதிர்ந்த புரோதாலஸில், நடுவில் தடித்த பகுதியில் செதில் போன்ற ரோமங்கள் இருக்கும். லென்ஸைச் சாய்த்து வைத்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டால் தெரியும். என்னுடையவற்றில் தெரிந்தது, நிம்மதி.

ஒரு டப்பாவில் வெள்ளைப் பூஞ்சை பஞ்சாகப் பிடித்தது. குப்பை சரியாகப் பிரியாத தூள் அந்த டப்பாவில்தான் விழுந்திருந்தது. பூஞ்சை பிடித்த இடத்தைச் சுற்றிலும் கொஞ்சம் சேர்த்துக் கரண்டியால் தோண்டி எறிந்தேன், அதோடு நின்றது. எங்கள் பக்கம் தேயிலைக் கொப்புள நோய்க்காக எல்லார் வீட்டிலும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு இருக்கும், கை அதைத்தான் தேடும். வேண்டாம். ஒற்றைச் செல் தடிமன் உள்ள புரோதாலஸுக்குத் தாமிரம் ஆகாது, பூஞ்சையோடு சேர்ந்து அதுவும் கருகும்.

எல்லாரும் நிற்கும் இடம்

முளைப்பது சுலபம். "பச்சையாக வந்தது, அப்புறம் வருஷமாக அப்படியே இருக்கிறது" என்று சொல்பவர்கள்தான் அதிகம். காரணங்கள் இரண்டு: நெரிசல், தண்ணீர்.

அடர்த்தியாகத் தூவிய இடத்தில் புரோதாலஸ்கள் நெருக்கியடித்து, ஒடுங்கி, நாக்கு மாதிரியே நின்றுவிடும். இதய வடிவத்துக்கு விரிந்தால்தான் அதன் பிளவுக்கு அருகே முட்டை உண்டாகும். நெரிசலில் வளர்பவை பெரும்பாலும் ஆணாகவே காலம் தள்ளும். ஆகவே பச்சை நன்றாகப் படிந்ததும், சுண்டுவிரல் நக அளவு துண்டுகளாக இடுக்கியால் எடுத்து, வேகவைத்த புதுக் கலவையில் ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளியில் வைத்து மெல்ல அழுத்தினேன். பார்க்க அவலட்சணமாக இருக்கும். சில வாரத்தில் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலிருந்தும் அகலமான இதயங்கள் விரிய ஆரம்பித்தன. செங்கல் முறை தோற்றது இங்கேதான். செங்கல்லில் முளைத்தவை மிகச் சுத்தம், பாசி அறவே இல்லை; ஆனால் வேரிழைகள் செங்கல் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்வதால் கிழியாமல் எடுக்க முடியவில்லை. புரோதாலஸ் வளர்வதைப் பார்க்க மட்டும் ஆசைப்படுபவர்களுக்குச் செங்கல், செடி வேண்டுமென்றால் நார்க்கழிவு.

அடுத்தது தண்ணீர். புரோதாலஸின் அடிப்பக்கத்தில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருக்கின்றன. ஆண் செல்லுக்குச் சவுக்கு மாதிரி இழைகள் உண்டு, அது நீந்தித்தான் முட்டையிடம் போக முடியும். டப்பாவுக்குள் ஈரக்காற்று எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனமில்லை, தொடர்ச்சியான நீர்ப்படலம் வேண்டும். இதயங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு வந்ததும், கொதித்து ஆறிய மழைநீரைச் சின்ன ஸ்பிரே பாட்டிலால் மாலையில் நன்றாக நனையும்படி அடித்து, டப்பாவை மூடி, இரவு அப்படியே விட்டேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. நீர் தேங்கி நின்றால் மட்டும் காலையில் ஒரு மூலையைச் சாய்த்து வடித்தேன். இரண்டு மூன்று மரங்களின் ஸ்போரைக் கலந்து தூவியிருந்தால் இன்னும் நல்லது. ஒரே புரோதாலஸுக்குள் கரு உண்டானால் அந்தச் செடிக்கு எல்லா மரபணுவிலும் ஒரே நகல்தான் இரட்டையாக இருக்கும். குறை ஏதாவது இருந்தால் மறைய இடமில்லை.

அப்புறம் ஒருநாள் ஓர் இதயத்தின் பிளவிலிருந்து ஒரு காம்பு எழுந்து, நுனியில் சின்ன விசிறி மாதிரி ஒரே ஒரு இலை. இதுதான் உண்மையான பெரணி. முதல் இலையைப் பார்த்து மரப்பெரணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது இலையில் பிளவு கூடும், ஐந்தாறு இலைக்குப் பிறகுதான் சாடை தெரியும். தூவியதிலிருந்து முதல் இலை வரை ஆறு முதல் ஒன்பது மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த நேரத்தில்தான் பூஞ்சை ஈக்கள் வந்தன. கொசுவைவிடச் சின்னது, கருப்பு. ஈ ஒன்றும் செய்யாது. அதன் புழு புரோதாலஸை அடியிலிருந்து தின்றுவிடும். பூச்சி ஒட்டும் மஞ்சள் அட்டையை வெட்டி டப்பாக்களுக்கு நடுவே நிறுத்தினேன், மேற்பரப்பைக் கொஞ்சம் உலரவிட்டேன். பாதித்த ஒரு டப்பாவை அப்படியே வெளியே கொட்டினேன், காப்பாற்றப் பார்க்கவில்லை.

வெளியே கொண்டுவருவது

டப்பாவுக்குள் பிறந்த செடிக்கு வெளிக்காற்று தெரியாது. மூடியை ஒரேயடியாகத் திறந்தால் மதியத்துக்குள் இலை சுருண்டுவிடும். இலை ஒரு அங்குலம் வந்த கன்றுகளைத் தனித்தனியாகப் பிளாஸ்டிக் டம்ளர்களில் மாற்றி, எல்லாவற்றையும் ஒரு பெரிய மூடியுள்ள பெட்டியில் வைத்தேன். முதலில் மூடிக்கு அடியில் ஒரு பென்சில் கொடுத்து இடைவெளி, அடுத்த வாரம் பாதி திறப்பு, அதற்கடுத்து இரவில் மட்டும் மூடி. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்துக்குள் இந்தக் கட்டம் வரும்படி திட்டமிட்டால் பாதி வேலையை வானமே செய்யும். பிப்ரவரியில் வெளியே எடுப்பவர்களுக்கு வறண்ட காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தொட்டிக்கு நார்க்கழிவு, இலைமக்கு, கரித்துண்டு, கொஞ்சம் மணல். குருத்து மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும். உரம் என்று பார்த்தால், பாக்கெட்டில் சொல்லும் அளவில் கால் பங்குதான் கொடுத்தேன். பெரணி வேருக்கு உப்பு ஆகாது, அளவு கூடினால் இலையோரம் கருகிக் காட்டிக்கொடுத்துவிடும். மழைக்காலத்தில் நத்தைகள் இரவோடு இரவாகக் குருத்துச் சுருளைத் தின்றுவிட்டுப் போகும். டார்ச் அடித்துப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

முழங்கால் உயரம் வந்தவற்றைத் தரையில் வைத்தேன். சில்வர் ஓக் நிழலில் சில, குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரத்தில் ஒன்று. சோப்புத்தண்ணீர் படாமல் கொஞ்சம் தள்ளி வைத்த அந்த ஒன்றுதான் இப்போது எல்லாவற்றிலும் பெரியது. கருப்புக் காம்பு பளபளக்க ஆரம்பித்துவிட்டது. தண்டு என்று சொல்ல இன்னும் எதுவும் இல்லை, அதற்கு வருஷங்கள் ஆகும். மரப்பெரணி முதலில் உச்சியை அகலப்படுத்திக்கொண்டு, பிறகுதான் மேலே போகும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் குருத்துக்குள் வைக்கோல் திணித்து உறைபனியிலிருந்து காப்பாற்றச் சொல்வார்கள். அது பிரிட்டனில் டிக்சோனியா அன்டார்க்டிகா என்ற ஆஸ்திரேலிய மரப்பெரணியை வளர்ப்பவர்களுக்கான யோசனை. ஊட்டியில் வேண்டுமானால் ஜனவரியில் தேவைப்படலாம். கூடலூரில் எதிரி மார்ச், ஏப்ரல் வறட்சிதான். குருத்து விரியும் வாரங்களில் தண்ணீர் தவறினால் மட்டை குட்டையாக, நுனி கருகி விரியும், அந்த மட்டை கடைசிவரை அப்படியேதான் இருக்கும். இன்னொன்று: டிக்சோனியாவின் தண்டை வெட்டி, வேரில்லாமல் நட்டாலும் அது துளிர்க்கும். அதைப் படித்துவிட்டுச் சையாத்தியாவின் வெட்டிய தண்டை விலைகொடுத்து வாங்குபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் துளிர்க்காது, ஆர்க்கிட் கட்டத்தான் ஆகும்.

தண்டு உயர்ந்த பிறகு அதன் வெளிப்புறம் முழுக்கக் கருப்பு நாராகத் தெரிவது மரப்பட்டை அல்ல, வேர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தண்டின் மேல் வேர்கள் கீழ்நோக்கி இறங்கிப் போர்த்திக்கொண்டே போவதால்தான் அது தடிக்கிறது. தாய்மரம் நிற்கும் தோட்டத்துக்காரரிடம் இந்தக் கோடையில் அதைச் சொல்லி, அடியில் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீரைத் தண்டின் மேலேயும் ஊற்றச் சொன்னேன். என் கன்றுகளுக்குக் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் இலையும் மூடாக்கு. சொட்டுநீர்க் குழாய் ஒன்று இழுத்திருக்கிறேன், சொட்டும் முனை குருத்துக்குள் விழாமல் அரை அடி தள்ளி. பதிலுக்கு அவருக்கு டம்ளரில் மூன்று கன்றுகள் கொடுத்தாயிற்று. இப்போது பக்கத்துத் தோட்டக்காரர் ஸ்போர் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்.